ஓர் இழை ஈரல்

சாமி,

நேற்றுச் சாயங்காலம் வீடியோ காலில் உன்னைப் பார்த்ததிலிருந்து என் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. நீ போர் போடுகிற ரிக் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாய். உன் பின்னால் செம்மண்ணும் அடுக்கி வைத்த குழாய்களும் தெரிந்தன. தண்ணீர் எத்தனை அடியில் கிடைத்தது, எங்கே பாறை வந்தது என்று சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்தாய், மூடியைத் திருகினாய், அண்ணாந்து குடித்தாய். போன நோம்பிக்குப் பண்டிகை லீவில் வந்துவிட்டுக் கிளம்பும்போது நானே உன் பையில் வைத்துக் கொடுத்த செப்புப் பாட்டில் அது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறிப்பட்டறையிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். நீ சிரித்தாய். "ஏம்மா, பாம்பக் கண்டாப்புல கத்தறே?" என்றாய். நான் பாட்டிலைத்தான் பார்த்தேன். உன் தங்கச்சி பார்த்தது வேறு. பாட்டில் வாய்க்குப் போகும்போது உன் கை நடுங்கியதையும், தண்ணீர் சட்டையில் வழிந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். "அண்ணா, உங்கை ஏன் அப்பிடி ஆடுது?" என்று கேட்டாள். "நாளெல்லாம் ரிக்கு அதிருது பாப்பா, இங்க எல்லாருக்கும் கை ஆடும்" என்றாய். அத்தோடு லைனைத் துண்டித்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை முறை அடித்தும் நீ எடுக்கவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் வண்டிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டு ஆபீசிலிருந்து நாளைக்கு ஒரு லாரி கிளம்புகிறதாம். டிரைவர் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன். போனைத்தான் அண்ணன் வைத்துவிட முடியும், கடிதத்தைக் கையில் வாங்கிவிட்டால் படிக்காமல் இருக்க மாட்டான் என்று பாப்பா சொல்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சை அவளுடைய புத்தகத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரி விஷயங்களில் நான் தப்பாகச் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிட்டு, "டாக்டர் அப்படிச் சொல்லலைம்மா" என்று திருத்துகிறாள். ஆகவே இதில் இருப்பது சரியாகத்தான் இருக்கும். நீ தூரத்தில் தனியாக இருக்கிறாய், பயந்துவிடுவாய் என்று உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தோம். பாப்பாவுக்குக் காமாலை, மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். மிச்சத்தையும் இப்போது சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவெடு.

பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த புதிதில் அவளுக்குக் கண் மஞ்சளாயிற்று. காமாலை வராத வீடு எது? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன், உப்பைக் குறைத்தேன், எண்ணெயை நிறுத்தினேன். மஞ்சள் போயிற்று. சில மாதத்தில் மறுபடி வந்தது. இந்த முறை பிள்ளை சோர்ந்து சோர்ந்து படுத்தாள். படிக்கிற புத்தகம் முகத்தின்மேல் கிடக்க, அப்படியே தூங்கிவிடுவாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ரத்தம் பத்தாது என்று ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தேன். ஈரலுக்கு நோய் வந்தால் ஈரலைத் தின்றால்தானே தேறும் என்று நினைத்தேன். அதோடு, செப்புக்குடத்துத் தண்ணீர் உடம்பைச் சுத்தம் செய்யும் என்று போன் வீடியோவில் யாரோ ஒரு அம்மா பேசியதைக் கேட்டு, சேலத்தில் ஒரு பெரிய குடம் வாங்கி வந்தேன். கூடவே உனக்கு ஒரு பாட்டிலும் வாங்கினேன். ராத்திரி ஊற்றி வைத்து, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் அவளை ஒரு டம்ளர் குடிக்க வைப்பேன். ஈரலும் அந்தத் தண்ணீரும் மருந்து என்று நம்பித்தான் கொடுத்தேன். அவை என்னவாக இருந்தன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம்மூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமியால் வரும் காமாலை எதுவும் இல்லை, ஆனால் ஈரல் கெட்டுக்கொண்டே வருகிறது, சேலத்துக்குக் கூட்டிப்போங்கள் என்றார். எனக்கு அது மண்டையில் ஏறவேயில்லை. ஈரல் கெடுவதற்கு இந்த வீட்டில் ஒரு ஆள்தானே உண்டு? உங்கப்பா குடித்துவிட்டு வருகிற நாளெல்லாம், "உன் ஈரல் வெந்து சாகப்போறே" என்று நான் கத்துவதைக் கேட்டுத்தானே நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்தீர்கள்? வெந்தது அவர் ஈரல் இல்லை. சேலத்தில் ஈரலுக்கென்றே இருக்கிற ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்து, "வயசுக்கு மீறி முரடா இருக்கு. ஏன்னு கண்டுபிடிக்கணும்" என்றபோது உங்கப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "குடிக்கறவன் நானுங்க டாக்டரு. எனக்குக் குத்திப் பாருங்க. அந்தப் புள்ளை டீகூட ஒழுங்கா குடிக்காதுங்க" என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "ஐயா, குடிக்காதவங்களுக்கும் ஈரல் நோய் வரும். உங்களுக்கும் பாக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி நீங்க குடியை நிறுத்தணும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சொந்தத்துல கல்யாணமாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க, சொந்த அத்தை பையன்" என்றேன். அதைச் சொல்லும்போது எப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதியதைப் பார்த்ததும் முதல்முறையாக, ஏன் சொன்னோம் என்றிருந்தது.

அதற்கப்புறம் பரிசோதனைமேல் பரிசோதனை. கண்ணில் வெளிச்சம் அடித்து ஏதோ வளையம் இருக்கிறதா என்று தேடினார்கள். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்தக் கேனைப் பையில் மறைத்துப் பஸ்ஸில் எடுத்துப்போனது உங்கப்பாதான். பக்கத்தில் உட்கார்ந்தவர், "என்னுங்க, தேனுங்களா?" என்று கேட்டாராம். "ஆமாங்க, மலைத்தேன்" என்றிருக்கிறார் உங்கப்பா. இத்தனை நடுவிலும் அந்தப் பேச்சைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் எந்தப் பரிசோதனையும் முழுப் பதில் சொல்லவில்லை. ஒன்றில் இருக்கலாம் என்று வந்தது, இன்னொன்றில் இல்லாமலும் இருக்கலாம் என்று வந்தது. "ரத்தமும் ஸ்கேனும் ஈரல் கெட்டிருக்குன்னு சொல்லுதும்மா. எதனால, எவ்வளவு ஆழத்துக்குன்னு சொல்லலை. ஈரலையே துளி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு பயாப்ஸின்னு பேரு" என்றார் டாக்டரம்மா.

எடுத்துப் பார்ப்பது என்றதும், ஆடு அறுத்துத் தொங்கவிட்ட கடையில் ஈரலை எடுத்துத் தராசில் வைப்பார்களே, அதுதான் கண்முன் வந்தது. வீட்டுக்கு வந்தால் உன் மாமன் வந்து உட்கார்ந்திருக்கிறான். கேட்டதும் குதித்தான். "சதையக் கிள்ளிப் பாத்தா நோய் ஒடம்பெல்லாம் பரவிக்கும்க்கா. பொட்டப்புள்ள வவுத்துல ஓட்டை போட்டீங்கன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றான். பாப்பா உள்ளேயிருந்து வந்து நிதானமாகச் சொன்னாள். "எவன் கட்டறான்னு பாக்கறதுக்கு நா உசுரோட இருக்கோணுமில்லீங்க மாமா." மாமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். பதினாறு வயதுப் பிள்ளை தன் சாவைப் பற்றி அப்படிச் சாதாரணமாகப் பேசியதைக் கேட்டு, அன்றைக்கு என்னால் சோறு வடிக்கக்கூட முடியவில்லை. எனக்கு உன் நினைவு வந்தது. ஏழாவது படிக்கும்போது காலில் ஆணி ஏறியதற்கு ஊசி போட வேண்டும் என்றதும், ஆஸ்பத்திரிப் படியில் இறங்கி ஓடி, பாலத்தைத் தாண்டி அக்கரையிலுள்ள பவானி ஊரில் போய் நின்றவன் நீ. சைக்கிளில் துரத்தி வந்த அப்பாவிடம், "காலு செரியாயிருச்சுங்கப்பா, பாருங்க, எப்பிடி ஓடினேன்" என்றாய். அன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று நீ லைனைத் துண்டித்ததும் அதே ஓட்டம்தான்.

மறுமுறை போனபோது டாக்டரம்மாவிடம் பாப்பாவே எல்லாவற்றையும் கேட்டாள். பரவுமா என்றாள். இந்த மாதிரி நோயில் பரவுவதற்கே ஒன்றுமில்லை என்றார். எவ்வளவு எடுப்பீர்கள் என்றாள். பென்சில் முனையைவிட மெல்லியதாக, ஒரு விரல் கணு நீளத்துக்கு என்றார். எடுத்த இடம் குழியாகவே இருக்குமா என்றாள். ஈரல் தானாக வளர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் உறுப்பு, இந்த அளவு எடுத்ததை அது உணரக்கூட உணராது என்றார். ஆபத்தே இல்லையா என்று நான் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "உள்ளே ரத்தம் கசியலாம்மா. ரொம்ப அபூர்வம். அதனாலதான் முன்னாடியே ரத்தம் சரியா உறையுதான்னு பாப்போம், குத்தின பிறகு சாயங்காலம் வரைக்கும் கண்காணிப்புல வெச்சிருப்போம்" என்றார். அந்த ஒளிவில்லாத பேச்சுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. அப்போதுதான் நம் தறிப்பட்டறை ஞாபகம் வந்தது. புது நூல் மூட்டை வந்தால் பட்டறைக்காரர் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதில்லை. ஓரத்தில் ஒரு இழையை உருவுவார், முறுக்கைப் பிரிப்பார், நெருப்பில் காட்டுவார், இழுத்து அறுத்துப் பார்ப்பார். மூட்டை முழுவதும் எப்படி என்று அந்த ஒரு இழை சொல்லிவிடும். "அந்த மாதிரிங்களா?" என்று கேட்டேன். "அதே மாதிரிதாம்மா. ஒரு இழை சில சமயம் ஏமாத்தவும் செய்யும். அதனால மத்த பரிசோதனைங்களையும் பக்கத்துல வெச்சுத்தான் முடிவு சொல்லுவோம்" என்றார். அதுவும் நியாயம்தான். நல்ல இழையை மேலே வைத்து மோசமான நூலை உள்ளே தள்ளுகிறவர்களும் உண்டு.

இங்கே உனக்கு ஒன்று சொல்லவேண்டும். டாக்டர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது பாப்பா ஒன்றுமில்லை என்றாள். குறித்த நாளில் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்த பிறகு, அப்பா வெளியே போனதும், நர்ஸிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், மாதவிடாய் வலிக்கு முந்தின நாளெல்லாம் வலி மாத்திரை போட்டதாக. அப்பா இருக்கும்போது சொல்ல வெட்கம். நர்ஸ் போய் டாக்டரிடம் சொல்ல, அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள். சில வலி மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதமாக்குமாம். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருந்தால்? இதை எழுத வேண்டாம் என்று பாப்பா கெஞ்சுகிறாள். எழுது என்றேன். ஏனென்றால் நீ குழாய் தூக்கித் தூக்கி இடுப்பு வலிக்குக் கண்ட மாத்திரையும் விழுங்குகிறவன். அங்கே வேலை முடிந்து மற்றவர்களோடு உட்கார்ந்து குடிக்கிறாயா என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கப் போவதில்லை. டாக்டர் கேட்டால் அவரிடம் சொல். எல்லாவற்றையும் சொல். அங்கே வெட்கத்துக்கு இடமில்லை.

குத்திய அன்றைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். பாப்பா மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். விலாவில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, இரண்டு எலும்புக்கு நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்கள். மருந்து தடவித் துடைத்து, மரத்துப்போக ஊசி போட்டார்கள். அதுதான் சுருக்கென்று எரிந்தது என்கிறாள். பிறகு மூச்சுக்கு ஒத்திகை நடந்தது. "இழுத்து, முழுசா வெளிய விட்டு, அப்படியே நிறுத்து கண்ணு. நான் சொல்றவரைக்கும் இழுக்கக் கூடாது." மூச்சு அசைந்தால் ஈரலும் அசையும் என்பதால் அப்படியாம். இரண்டு மூன்று முறை பழக்கிவிட்டு, நிஜமாகவே நிறுத்து என்றார்கள். பாப்பா நிறுத்தினாள். நானும் நிறுத்திவிட்டேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தறியில் நாடா ஒருமுறை குறுக்கே ஓடும் நேரம்கூட ஆகவில்லை. "மூச்சு விடு" என்றார் டாக்டர். பாப்பா விட்டாள். நான் விட மறந்துபோய், "அம்மா, நீங்களும் விடுங்க" என்று நர்ஸ் என் முதுகைத் தட்டினாள். இதேபோல இன்னொரு முறை. ஒன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கு, இன்னொன்று வேறு ஊர் லேபுக்கு அனுப்புவதற்கு.

சின்னக் கண்ணாடிக் குப்பியில் அதைக் காட்டினார்கள். தண்ணீர்போல ஒரு மருந்தில், பழுப்பு நிறத்தில் ஒரு நூல்துண்டு மிதந்தது. தறிக்காகத் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது அறுந்து விழுகிற இழையை நான் பொறுக்குவதுகூட இல்லை, அந்த அளவுதான். இதற்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா படுத்தபடியே, "அம்மா, எங்கட்ட காட்டு, எங்கட்ட காட்டு" என்று கேட்டாள். பார்த்துவிட்டு, "இதுல நா முழுசும் இருக்கேனா?" என்றாள். டாக்டரம்மா அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் குத்திய பக்கமாகச் சாய்ந்து அவள் அசையாமல் கிடந்தாள். அந்த இடம் அழுந்தினால் கசிவு நிற்குமாம். நர்ஸ் வந்து வந்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தாள். மத்தியானம் பாப்பா வலது தோள் வலிக்கிறது என்றாள். குத்தியது விலாவில், வலிப்பது தோளிலா என்று நான் பதறிப் போய் நர்ஸைக் கூப்பிட்டேன். ஈரலுக்கு மேலே உறுத்தினால் தோளில் வலி தெரிவது வழக்கம்தான் என்று சொல்லி அவள் மாத்திரை கொடுத்தாள். சொன்னபடியே போயிற்று. வயிறு பெரிதாக வலித்தால், தலை சுற்றினால், மூச்சு முட்டினால், மலம் கறுப்பாகப் போனால், காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவாருங்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றதால், உங்கப்பா அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பு வாசல்வரை போய் வைத்துவிட்டு வந்தார். பிள்ளைகள் சிரித்தார்களாம். "உங்கப்பா எந்த வகுப்புடி?" என்று கேட்டார்களாம். அவர் குடியை முழுசாக விட்டபாடில்லை, உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வாரம் பையைத் தூக்கிக்கொண்டு குடித்தவாயோடு பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று தொடவேயில்லை.

பதில் வரத்தான் நாளாயிற்று. போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா, "கண்டுபிடிச்சாச்சு. மருந்து இருக்கிற நோய்தான், அதை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தார். நாம் தின்கிற எல்லாச் சாப்பாட்டிலும் கொஞ்சம் தாமிரம் இருக்கிறதாம். மிஞ்சியதை ஈரல் வெளியே தள்ளிவிடுமாம். பாப்பாவின் ஈரலுக்கு அந்த வேலை பிறவியிலேயே தெரியவில்லை. அதனால் தாமிரம் அங்கேயே தேங்கித் தேங்கி ஈரலைப் புண்ணாக்கித் தழும்பாக்கியிருக்கிறது. அந்த இழையில் தாமிரம் அளவுக்கு மீறி இருந்தது. தழும்பு விழுந்திருக்கிறது, ஆனால் முழுசாகக் கெட்டுப்போகவில்லை. "தாமிரம்னா... கொடத்துல இருக்கற தாமிரமுங்களா?" என்றேன். ஆமாம் என்றார். வறுத்துக் கொடுத்தேனே, ஆட்டு ஈரல், அதிலும் தாமிரம்தான் அதிகமாம். "நானே என் கையால ஊத்திக் குடுத்தனுங்க டாக்டரு" என்றேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "குடத்தால வந்த நோய் இல்லைம்மா இது. குடம் வாங்கறதுக்கு முன்னாடியே காமாலை வந்ததா இல்லையா? நீங்களும் அவங்கப்பாவும் ஆளுக்குப் பாதி குறையை உள்ளே வெச்சிருந்திருக்கீங்க, உங்களுக்கே தெரியாது. ரெண்டு பாதியும் இவகிட்ட சேர்ந்துடுச்சு. சொந்தத்துல கட்டும்போது அப்படிச் சேர வாய்ப்பு கூடும். குடமும் ஈரலும் இனிமே வேண்டாம், அவ்வளவுதான்" என்றார். வாழ்நாள் முழுக்க வெறும் வயிற்றில் மாத்திரை. ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தாமல் சாப்பிட்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம்.

பஸ்ஸில் வரும்போது பாப்பா என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "அம்மா, அந்தக் கேன்மேல காப்பர்னு எழுதியிருந்துச்சு. நா அப்பவே பாத்துட்டேன். அன்னையிலருந்து கொடத்துத் தண்ணிய நா குடிக்கலை. நீ ஊத்தித் தருவே, நா வீட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயி முருங்கைக்கு ஊத்திட்டு, கொழாயில புடிச்சுக் குடிச்சுக்குவேன்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஆசையா வாங்கினதாச்சே. உறுதியாத் தெரியட்டும்னு இருந்தேன்" என்றாள். அந்தப் பஸ்ஸில் நான் அழுத அழுகையைப் பார்த்துக் கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே போனார், திரும்பி வரும்போதுதான் கேட்டார்.

இனி உன் விஷயம். அன்றைக்கு நாங்கள் எழுந்து கிளம்பும்போது டாக்டரம்மா, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். ஒரு பையன் இருக்கிறான், போர்வண்டியில் வடக்கே இருக்கிறான், பாறையைக்கூடத் தூக்குவான் என்றேன். "நல்லா இருக்கானேன்னு விட்டுடாதீங்க. கூடப்பிறந்தவங்களுக்கு நாலில் ஒரு பங்கு இருக்க வாய்ப்பிருக்கு. வெளியே தெரியாம உள்ளேயே ஏறிக்கிட்டிருக்கும். சிலருக்கு ஈரலை விட்டுட்டு மூளையில போய் உக்காரும். கை நடுங்கும், பேச்சுக் குழறும், எழுத்துக் கோணும். சீக்கிரம் வந்தா நிறுத்திடலாம்" என்றார். காரணம் சொல்லாமல், ஒரு தடவை வந்து ரத்தம் காட்டிவிட்டுப் போ என்று மட்டும் உன்னிடம் போனில் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்ல போம்மா" என்றாய். மானேஜர் விட மாட்டார் என்றாய். மழைக்கு முன்னால் போர் போட்டு முடிக்க வேண்டும் என்றாய். நானும் சரி, நோம்பிக்கு வருவான் என்று விட்டுவிட்டேன். குடத்தை அன்றைக்கே கவிழ்த்து விறகுக்கொட்டகையில் போட்ட எனக்கு, உன் பையில் வைத்த பாட்டில் மட்டும் ஞாபகத்துக்கு வரவேயில்லை. நேற்று நீ அதைத் தூக்கியபோதுதான் வந்தது. கூடவே உன் கையும் நடுங்கியது.

அது ரிக்கின் அதிர்வாகவே இருக்கட்டும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் போன நோம்பிக்கு வந்தபோதும் நீ டீயைச் சிந்தினாய், அன்றைக்கு ரிக் இங்கே இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னால், "அப்பறம் போடறேன்" என்று தள்ளினாய். அதெல்லாம் எனக்கு இப்போதுதான் வரிசையாக ஞாபகம் வருகிறது. முதலில் கண்ணையும் ரத்தத்தையும் ஒருநாள் சிறுநீரையும் பார்ப்பார்கள், தலைக்கும் ஒரு ஸ்கேன் எடுப்பார்களாம். அதிலேயே தெளிவாகிவிட்டால் ஊசியே வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. சந்தேகம் மிஞ்சினால் மட்டும்தான் அந்த இழை. அதற்கும் நான் உன் தலைமாட்டில் நிற்பேன். எப்போது மூச்சை நிறுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். நீ இறங்கி ஓடினால் பாலத்துக்கு இந்தப் பக்கமே உன்னைப் பிடிக்க அப்பா வண்டியோடு நிற்பார்.

மானேஜரிடம் அப்பா நேரில் போய்ப் பேசிவிட்டார். இந்த லாரி திரும்பி வரும்போது அதிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். நோயே இல்லை என்று ஆனால் அடுத்த லாரியில் திரும்பிப் போ, நான் தடுக்க மாட்டேன். பாட்டிலை அங்கேயே போட்டுவிடு. யாருக்கும் கொடுக்க வேண்டாமா என்று பாப்பாவைக் கேட்டேன். மற்றவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் நம் குடும்பத்தில் யாரும் தொட வேண்டாம் என்கிறாள்.

பாப்பா தன் சட்டையை லேசாக விலக்கி விலாவைக் காட்டினாள். ஊசி குத்திய இடத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று பார்த்தோம். இரண்டு பேரும் தேடினோம். கொசுக்கடி போல ஒரு தழும்பு இருக்கிறது, அது ஊசி குத்தியதா கொசு கடித்ததா என்று எங்களுக்கே நிச்சயமில்லை.

நீ வாசலில் வந்து இறங்கியதும் எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். சிந்தினாலும் பரவாயில்லை சாமி, வா.